எங்கே இடறுகிறது என்று பாருங்கள்

“பையனுக்குப் படிப்பே ஏற மாட்டேங்குது டீச்சர்.” அரசு தொடக்கப் பள்ளியில் வேலை பார்க்கும் எனக்கு, பெற்றோரிடமிருந்து அடிக்கடி வரும் புகார் இது. 2022 முதல் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துக் கற்பிக்கிறோம். பிள்ளை எந்தப் படியில் நிற்கிறது என்பது அதில் தெரிந்துவிடும். ஏன் நிற்கிறது என்பதை நாம்தான் பக்கத்தில் உட்கார்ந்து கண்டுபிடிக்க வேண்டும். அப்படிப் பார்த்ததில் எனக்குப் பிடிபட்டவை இவை.

தமிழின் 247 எழுத்துகளையும் வரிசையாக ஒப்பிக்க வைக்காதீர்கள். ப, ட, ம ஆகிய மூன்றும் அவற்றின் புள்ளி வைத்த எழுத்துகளும் போதும். படம், மடம், பட்டம், மட்டம் என்று முதல் வாரத்திலேயே சொல் படிக்கலாம். தானாக ஒரு சொல்லைப் படித்துவிட்ட பிள்ளை அடுத்த எழுத்தைத் தானே கேட்கும்.

கொம்பையும் காலையும் தனியாகக் கவனியுங்கள். ‘கொக்கு’ என்ற சொல்லைச் சில பிள்ளைகள் ‘கெரக்கு’ என்று படிப்பார்கள். அது கவனக்குறைவு இல்லை. துணைக்கால் அவர்கள் கண்ணுக்கு ‘ர’வாகத் தெரிகிறது, கொம்பு முன்னால் நின்றாலும் அதன் ஒலி பின்னால் வருவது வேறு குழப்புகிறது. ஓர் அட்டையில் சிறு சன்னல் வெட்டி, ‘கொ’ முழுவதும் ஒரே எழுத்தாகத் தெரியும்படி சொல்லின்மேல் நகர்த்துங்கள். கொம்பையும் காலையும் ஒரே வண்ணத்தில் எழுதிக் காட்டுங்கள். உகர வரிசைக்கும் தனி வழி வேண்டும். சு, பு, வு ஒரு கூட்டம். டு, மு, ரு ஒரு கூட்டம். து, நு, லு ஒரு கூட்டம். வடிவம் ஒத்தவற்றைச் சேர்த்துக் கொடுத்தால் சுமை குறையும்.

கேட்கும் திறன் குறைந்த பிள்ளைக்கு முகத்தைக் காட்டிப் பேசுங்கள். கரும்பலகையைப் பார்த்துக்கொண்டே பேசினால் அந்தப் பிள்ளைக்குப் பாடமே இல்லை. உதட்டை மட்டும் நம்பவும் முடியாது. ‘படம்’, ‘மடம்’ இரண்டுக்கும் உதடு ஒரே மாதிரிதான் மூடித் திறக்கும். மூக்கில் விரல் வைத்து ‘ம்’ சொன்னால் அதிர்வு தெரியும். கூடவே படத்தையும் காட்டுங்கள்.

பிள்ளையின் பேச்சையே பாடமாக்குங்கள். “நேத்து எங்க ஆடு குட்டி போட்டுச்சு” என்று ஒரு பிள்ளை சொன்னால், சொன்னபடியே பலகையில் எழுதுவேன். தன் வாயிலிருந்து வந்த வரி என்பதால் அதை ஆசையாகப் படிக்கும். மறுநாள் அதன் கீழே ‘நேற்று எங்கள் ஆடு குட்டி போட்டது’ என்று எழுதிப் பாடநூல் தமிழுக்குக் கூட்டிப் போகலாம்.

திடீரென்று எழுப்பிப் படிக்கச் சொல்லாதீர்கள். திக்கித் திக்கிப் படிக்கும் பிள்ளைக்கு நாளைக்குப் படிக்க வேண்டிய பத்தியை இன்றே கொடுத்தனுப்புங்கள். எல்லோர் முன்னாலும் ஒருமுறை நன்றாகப் படித்துவிட்டால் அதற்குப் பிறகு வரும் துணிச்சலே தனி.

இத்தனை செய்தும் நகராத பிள்ளைகள் உண்டு. கதை சொல்லச் சொன்னால் பிரமாதமாகச் சொல்வார்கள், மனக்கணக்கும் போடுவார்கள். நேற்றுப் படித்த சொல் மட்டும் இன்று புதிதாகத் தெரியும். முதலில் கண்ணையும் காதையும் பரிசோதிக்கச் சொல்லுங்கள். பிறகு வட்டார வள மையத்தின் சிறப்புப் பயிற்றுநரிடம் பேசுங்கள். டிஸ்லெக்சியா போன்ற கற்றல் குறைபாடுகளை 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அங்கீகரிக்கிறது. உரிய சான்று இருந்தால் பொதுத் தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர் போன்ற சலுகைகள் கிடைக்கும். பத்தாம் வகுப்பு வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். ‘டிஸ்லெக்சியா’ என்று நாமாக முடிவு கட்டவும் வேண்டாம். அதைச் சொல்ல வேண்டியவர் நிபுணர்.

கடைசியாக ஒன்று. பிள்ளைக்கு ஒரு பக்கம் ஒதுக்கி, தவறாகப் படித்த சொல்லை அப்படியே குறித்து வையுங்கள். ‘மெல்லக் கற்பவர்’ என்று எழுதிவைத்தால் அடுத்த ஆண்டு ஆசிரியருக்கு ஒன்றும் விளங்காது. ‘துணைக்காலை ர என்று படிக்கிறான்’ என்று எழுதியிருந்தால், அவர் முதல் நாளே வேலையைத் தொடங்கிவிடுவார்.