நாடாவில் உறங்கிய இசை

மிதிவண்டிச் சக்கரத்தின் கம்பிகளில் உரசும்படி ஒரு கெட்டி அட்டையைச் செருகி ஓட்டிப் பார்த்திருப்பீர்கள். மெதுவாகச் சென்றால் ‘டக், டக்’ என்று தனித்தனி ஓசை கேட்கும். வேகம் கூடக் கூட அவை இணைந்து ஒரே ஒலியாகிவிடும், சுருதியும் உயரும். விநாடிக்கு 440 தட்டுகள் சீராக விழுந்தால், மேனாட்டு இசைக்குழுவினர் சுருதி சேர்க்கும் ‘ஏ’ என்னும் சுரம் கிடைக்கும். கணிப்பொறி முதன்முதலில் பாடியதும் இந்த முறையில்தான்.

ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் டிரெவர் பியர்சி, மாஸ்டன் பியர்ட் ஆகியோர் அமைத்த கணிப்பொறி 1949-ஆம் ஆண்டில் இயங்கத் தொடங்கியது. பின்னாளில் அதற்குச் ‘சைராக்’ என்று பெயர் வந்தது. சுமார் 2000 வால்வுகள் கொண்ட அந்த இயந்திரத்தில் ஓர் ஒலிபெருக்கியும் இருந்தது. பாட்டுக்காக அன்று, கணக்கு முடிந்தது என்று இயக்குபவருக்கு அறிவிப்பதற்காக. ஒலிபெருக்கிக்கு ஒரு மின்துடிப்பை அனுப்பு என்று ஆணையிட்டால் ‘டக்’ என்னும். அத்துடிப்புகளைச் சீரான இடைவெளியில் அனுப்பினால் சுரம் பிறக்குமே என்று எண்ணி, ஜெஃப் ஹில் என்ற கணித அறிஞர் அதற்கான புரோகிராமை, அதாவது ஆணைத்தொடரை எழுதினார். 1951 ஆகஸ்டில் சிட்னியில் நடந்த கணிப்பொறி மாநாட்டில் ‘கர்னல் போகி’ என்ற அணிவகுப்பு மெட்டைச் சைராக் இசைத்துக் காட்டியது.

சொல்வது எளிது. செய்வது எவ்வளவு கடினம் என்பதைக் கணக்கிட்டுப் பாருங்கள். சைராக் விநாடிக்கு ஏறத்தாழ 1000 ஆணைகளையே நிறைவேற்றும். ஓர் ஆணைக்குச் சரியாக 1 மில்லி விநாடி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். 2 மில்லி விநாடிக்கு ஒரு துடிப்பு என்றால் அதிர்வெண் 500. 3 மில்லி விநாடிக்கு ஒன்று என்றால் 333. நமக்கு வேண்டிய 440-க்கு 2.27 மில்லி விநாடி இடைவெளி தேவை. அதற்கு எங்கே போவது?

வழி பாதரசத்தில் இருந்தது. சைராக்கின் நினைவகம் பாதரசம் நிரப்பிய குழாய்களால் ஆனது. எண்கள் குழாயின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஒலி அலைகளாகவே செல்லும். அங்கு மின்துடிப்பாக மாறி, மீண்டும் முதல் முனைக்கே அனுப்பப்படும். இப்படி அவை ஓயாமல் சுற்றிக்கொண்டே இருக்கும். ஓர் எண் தேவையானால், சுற்றுப் பேருந்துக்கு நிற்பதுபோல, அது முனைக்கு வந்து சேரும்வரை காத்திருக்க வேண்டும். ஆகவே எண்ணை எந்த இடத்தில் வைக்கிறோம் என்பதைப் பொறுத்து ஆணைக்கு ஆகும் நேரம் சிறிது கூடும், அல்லது குறையும். இந்தச் சிறு வேறுபாடுகளைக் கொண்டே துடிப்புகளின் இடைவெளியைத் திருத்தினார்கள். அப்படியும் உயர்ந்த சுரங்களில் இடைவெளி மிகக் குறுகியதாதலால், அவற்றில் சற்றே பிசகு இருந்தது. நம் வீணை ஆசிரியர் முகம் சுளிக்கக்கூடும்!

1955-இல் சைராக் மெல்போர்ன் பல்கலைக்கழகத்திற்குச் சென்றது. அங்கே தாமஸ் செர்ரி என்ற கணிதப் பேராசிரியர் 1957-இல், இசைக்குறியீடு அறிந்த எவரும் தம் பாட்டைக் காகித நாடாவில் துளையிட்டுக் கொடுத்து இசைக்கச் செய்யலாம் என்ற அளவுக்கு ஒரு புரோகிராம் எழுதினார். 1964-இல் இயந்திரம் நிறுத்தப்பட்டது. அதை உடைத்து விற்காமல் அருங்காட்சியகத்திற்குக் கொடுத்தது நல்வினையே. துளையிட்ட நாடாக்களும் தப்பின. ஆனால் அந்த இசையை ஒருவரும் ஒலிப்பதிவு செய்து வைக்கவில்லை.

நாடா இருக்கிறதே, அதை இன்றைய கணிப்பொறியில் ஓட்டினால் போதாதா என்று கேட்பீர்கள். போதாது. எந்த ஆணைக்குப் பின் எந்த ஆணை என்பதையே நாடா சொல்லும். ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு நேரம் ஆயிற்று என்பது துளைகளில் இல்லை. அது பாதரசக் குழாய்களில் இருந்தது. அருங்காட்சியகத்தில் உள்ள சைராக்கோ இப்போது இயங்கும் நிலையில் இல்லை. இந்த இசையை மீட்க முனைந்த பால் டூர்ன்புஷ் என்ற இசையறிஞர், சைராக்கைப் போலவே நேரம் தவறாமல் நடந்துகொள்ளும் மற்றொரு புரோகிராமின் துணையை நாட வேண்டியிருந்தது. துடிப்பின் வடிவம் மாறினால் ஒலியின் தன்மையும் மாறுமல்லவா? அதற்காகப் பழைய வால்வுச் சுற்றுகளையும் மீண்டும் அமைத்துப் பார்த்தார்கள். இதை விவரித்து அவர் எழுதிய நூல் 2005-இல் வெளிவந்தது.

இங்கிலாந்தில் நடந்தது இதற்கு நேர்மாறு. மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் கணிப்பொறிக்கு கிறிஸ்டோபர் ஸ்டிரேச்சி என்ற பள்ளி ஆசிரியர் ஓர் இசைப் புரோகிராம் எழுதினார். அந்த இயந்திரம் வாசித்த மூன்று மெட்டுகளை 1951-இல் பி.பி.சி. நிறுவனத்தார் இசைத்தட்டில் பதிவு செய்தனர். அங்கே இயந்திரம் அழிந்தது, ஒலி எஞ்சியது. ஆனால் அந்த ஒலியும் பிழையானது என்பது 2016-இல் தெரிந்தது. நியூசிலாந்தைச் சேர்ந்த ஜாக் கோப்லண்ட், ஜேசன் லாங் இருவரும் அக்கணிப்பொறியால் எந்தெந்த அதிர்வெண்களை எழுப்ப முடியும் என்று கணக்கிட்டனர். இசைத்தட்டில் கேட்ட சுரங்களுள் சில, அந்த இயந்திரத்தால் எழுப்பவே முடியாதவை! பதிவின்போது தட்டு சற்று வேகமாகச் சுழன்றிருக்கிறது. ஆகவே சரியான வேகத்தில் ஓட்டியபோது சுருதி தாழ்ந்து கேட்டிருக்கிறது. வேகத்தைத் திருத்தியதும் 1951-இல் கேட்ட சுருதி திரும்பியது. மூன்றாம் மெட்டின் நடுவில் கணிப்பொறி தடுமாறி நின்றுவிடுகிறது. சுற்றி நின்றவர்கள் சிரிக்கும் ஒலியும் அந்தத் தட்டில் இருக்கிறது.