என் உடம்பு, என் கிட்னி: விற்றால் என்ன குற்றம்?

கேள்வி: எனக்கு 31 வயது. தில்லையடியில் இருக்கிறேன். வாப்பாவும் உம்மாவும் 1990இல் வடக்கிலிருந்து உடுத்த உடுப்போடு வந்தவர்கள். நான் ஓட்டோ ஓட்டுகிறேன். அதற்கு எடுத்த லீசிங்கில் பல மாதக் கட்டுக்காசு பாக்கி. மனைவியின் பெயரில் நுண்கடனும் இருக்கிறது, கிழமைக்குக் கிழமை வாசலில் வந்து நிற்கிறார்கள். நகைகள் எல்லாம் ஈட்டில். கொழும்பிலிருந்து வந்த ஒருவர், ஒரு கிட்னியைக் கொடுத்தால் கடன் முழுவதையும் அடைக்கலாம், மிச்சமும் கையில் இருக்கும் என்கிறார். முற்பணமாக 50,000 ரூபா தந்து, வெற்றுத் தாளில் முத்திரை ஒட்டிக் கையெழுத்தும் வாங்கிவிட்டார். என்னை யாரும் கட்டாயப்படுத்தவில்லை. மூக்கைத் திருத்துவதும் பிள்ளை வேண்டாமென்று ஒப்பரேஷன் செய்வதும் அவரவர் விருப்பமென்றால், இதை மட்டும் சட்டம் ஏன் தடுக்கிறது? இனி வேண்டாமென்று சொன்னால் அந்த ஆள் வழக்குப் போடுவாரா? மனைவிக்கு இன்னும் சொல்லவில்லை.
– பெயர் வேண்டாம், தில்லையடி

பதில்: தம்பி, அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் இந்த நிமிடமே விலகலாம். சத்திரசிகிச்சைக்குக் கொடுத்த சம்மதத்தை மயக்க மருந்து ஏற்றும் வரைக்கும் திரும்பப் பெறலாம். முற்பணம் வாங்கியதும் கையெழுத்து வைத்ததும் அந்த உரிமையைப் பறிக்காது. கிட்னியைத் தருவதாகச் சொல்லி ஏமாற்றினாய் என்று எந்த நீதிமன்றத்திலும் அவர் வழக்காட முடியாது. சட்டம் தடுத்த காரியத்துக்காகச் செய்த உடன்படிக்கையை நீதிமன்றம் நிறைவேற்றிக் கொடுப்பதில்லை. ஆளனுப்பி மிரட்டினால் அது தண்டனைச் சட்டக் கோவையின்படி குற்றம், குற்றவாளி அவர்தான்.

என்னைப் பயப்படுத்துவது அந்த வெற்றுத் தாள். அதை நாளைக்குக் கடன் பத்திரமாக நிரப்பி, பெருந்தொகை வாங்கினீர்கள் என்று காட்டலாம். ஆகவே நடந்ததைத் திகதியோடு எழுதி வையுங்கள். தொலைபேசியில் வந்த செய்திகள், குரல் பதிவுகள் எதையும் அழிக்காதீர்கள். ஒரு சட்டத்தரணியைக் கண்டு, அவரோடு போய்ப் பொலிஸில் முறைப்பாட்டைப் பதியுங்கள். முற்பணத்தைத் தனியாகப் போய்த் திருப்பிக் கொடுக்க வேண்டாம், இன்னொரு கையெழுத்தும் வைக்க வேண்டாம்.

இனிச் சட்டம். நம் நாட்டில் இதற்குரியது மனித இழையங்களை மாற்றிப் பொருத்துவது பற்றிய 1987ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கச் சட்டம். உயிரோடிருப்பவர் தன் உறுப்பைக் கொடுப்பதை அது அனுமதிக்கிறது. விலைக்கு விற்பதையும் வாங்குவதையும் தடுக்கிறது. உங்கள் நானாவுக்கு நீங்கள் ஒரு கிட்னியைக் கொடுக்க முன்வந்தால், பரிசோதனைகள் பொருந்தினால், சட்டம் குறுக்கே நிற்காது. தரகருக்குப் பொருந்துவது இதைவிடக் கடுமையான சட்டம். தண்டனைச் சட்டக் கோவையின் 360இ பிரிவு, 2006இல் திருத்தப்பட்ட பிறகு, ஒருவரின் நிர்க்கதியைப் பயன்படுத்தி உறுப்பை அகற்றுவதற்காக அவரைச் சேர்ப்பதை ஆட்கடத்தல் என்கிறது. கட்டிப்போட்டு இழுத்துப் போக வேண்டியதில்லை; உங்கள் கடனைப் பார்த்து ஒருவர் வாசலுக்கு வந்ததே அந்தப் பிரிவின் எல்லைக்குள் வரக்கூடும்.

அவர் உங்களுக்குச் சொல்லாத ஒன்று இருக்கிறது. ஒப்பரேஷனுக்கு முன்னால் நோயாளிக்கு நீங்கள் உறவு அல்லது நெருங்கிய நண்பர் என்றும், சதமேனும் வாங்காமல் மனமிரங்கிக் கொடுப்பதாகவும் சமாதான நீதவான் முன்னால் ஒரு சத்தியக்கடதாசி முடிக்கச் சொல்வார்கள். பொய்ச் சத்தியம் தனிக் குற்றம். அதோடு, தையல் பிரிக்கும் முன்பே அந்த ஆள் தொலைபேசியை நிறுத்திவிட்டால், நீங்கள் எங்கே போய்ப் பேசிய காசைக் கேட்பீர்கள்? காசு வாங்கவில்லை, வாங்கவும் மாட்டேன் என்று நீங்களே சத்தியம் செய்து கொடுத்த தாள் அவர் கையில் இருக்கும். இந்த வியாபாரத்தில் ஏமாறுகிறவர்கள் பெரும்பாலும் வாய் திறக்காமல் இருப்பதற்குக் காரணம் அந்தத் தாள்தான்.

உங்கள் பெரிய கேள்விக்கு வருகிறேன். அது நியாயமான கேள்வி. வயது வந்தவர் தன் உடம்பைப் பற்றி எடுக்கும் முடிவைச் சட்டம் மதிக்கிறது. மூக்கைத் திருத்தலாம். பிள்ளைகள் போதுமென்றால் கருத்தடைச் சிகிச்சை செய்யலாம். பால்நிலையை மாற்றி வாழ விரும்புவோருக்குச் சான்றிதழ் வழங்க 2016இல் சுகாதார அமைச்சு சுற்றுநிருபமே வெளியிட்டிருக்கிறது. வைத்தியருக்குக் கட்டணம், ஆஸ்பத்திரிக்குக் கட்டணம், தரகருக்குக் கமிஷன் என்று எல்லோரும் சம்பாதிக்கும் இடத்தில், வயிற்றைக் கிழிக்கக் கொடுப்பவன் மட்டும் ஏன் இலவசமாகக் கொடுக்க வேண்டும் என்று கேட்பவர்களும் உண்டு. அந்த வாதத்தை நான் எளிதாகத் தள்ளிவிட மாட்டேன். ஈரான் 1988இலிருந்து பணம் கொடுத்துக் கிட்னி பெறுவதை அரசின் மேற்பார்வையில் அனுமதித்தே வருகிறது.

ஆனால் விற்றவர்களுக்கு என்ன நடந்தது என்று பார்க்க வேண்டும். சென்னையில் கிட்னி விற்ற 305 பேரை நேரில் கண்டு கேட்ட ஓர் ஆய்வு 2002இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் சஞ்சிகையில் வெளிவந்தது. 96 வீதமானோர் கடனை அடைக்கத்தான் விற்றிருந்தார்கள். கைக்குக் கிடைத்தது சராசரியாக 1,070 டொலர், பேசியதைவிடக் குறைவு. விற்ற பின் குடும்ப வருமானம் மூன்றிலொரு பங்கு குறைந்திருந்தது. ஏறத்தாழ நான்கில் மூன்று பேர் அப்போதும் கடனில்தான் இருந்தார்கள். உடல்நலம் குன்றிவிட்டது என்றவர்கள் 86 வீதம். இன்னொருவருக்கு இதைச் செய் என்று சொல்லமாட்டோம் என்றவர்கள் 79 வீதம். 2007இல் வட சென்னை எர்ணாவூரில் கிட்னி விற்றதாக வெளியே வந்தவர்கள் சுனாமியில் வீடிழந்து குடியேற்றப்பட்ட மீனவக் குடும்பங்கள். 2025இல் நாமக்கல் மாவட்டம் பள்ளிபாளையத்தில் அகப்பட்டவர்கள் விசைத்தறித் தொழிலாளர்கள். தரகர்கள் எங்கும் இப்படிப்பட்ட குடியிருப்புகளைத்தான் தேடிப் போகிறார்கள். இடம்பெயர்ந்து வந்தவர்கள் குடியிருக்கும் தில்லையடிக்கு ஒருவர் வந்ததும் தற்செயலென்று எனக்குத் தோன்றவில்லை.

நம் நாட்டுக்கும் இதில் பழி இருக்கிறது. இந்தியாவிலிருந்து ஏழைகளைக் கொழும்புக்குக் கூட்டி வந்து கிட்னி எடுத்த விவகாரம் அங்கே பொலிஸ் விசாரணைக்கு வந்ததும், 2016 ஜனவரியில் வெளிநாட்டவருக்குக் கிட்னி மாற்றுவதையே சுகாதார அமைச்சு நிறுத்த வேண்டியதாயிற்று. ஹட்சன் சில்வா 1961இல் தொடங்கிய கண் தானச் சங்கத்தின் வழியே, காசு கேட்காமல் உலகமெங்கும் கண்களை அனுப்பிய நாடு இது. அதன் பெயர் இந்த வியாபாரத்தில் அடிபட்டது எனக்கு இன்னும் ஆறவில்லை.

யாரும் கட்டாயப்படுத்தவில்லை என்கிறீர்கள். கிழமைக்குக் கிழமை வாசலில் வந்து நிற்பவர்கள் என்ன செய்கிறார்கள் தம்பி? லீசிங் பாக்கி இல்லாதிருந்தால் இந்த யோசனை உங்களுக்கு வந்திருக்குமா? மூக்கைத் திருத்தப் போகிறவருக்கு அந்த மூக்கு வேண்டும். உங்களுக்கு வேண்டியது கடனிலிருந்து விடுதலை. கிட்னியை எடுப்பதால் உங்கள் உடம்புக்கு ஒரு நன்மையும் இல்லை. எஞ்சிய ஒன்றும் பின்னாளில் பழுதானால், அநுராதபுரப் பக்கத்து விவசாயிகள் படும் சிறுநீரக நோய்த் துயரத்தை நீங்களும் படுவீர்கள். ஓட்டோவை யார் ஓட்டுவது?

மார்க்க ரீதியாகவும் கேட்பீர்கள் என்று நினைக்கிறேன். நான் ஆலிம் அல்ல. ஆனால் 1988இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகடமி நிபந்தனைகளோடு உறுப்புத் தானத்தை அனுமதித்தது, விற்பனையை அனுமதிக்கவில்லை.

நான் முதலில் சொன்ன 1987ஆம் ஆண்டுச் சட்டத்தில் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. விற்க வேண்டாம் என்று தடுக்கிற அரசு, விற்கத் தூண்டிய கடனைப் பற்றி அதே மூச்சில் ஒன்றும் சொல்வதில்லை. வறுமையால் விற்க வந்தவனையும் தரகரையும் ஒரே வரிசையில் நிறுத்துவது சரியென்று நான் நினைக்கவில்லை. சட்டம் திருத்தப்படும்போது விற்றவரைப் பாதிக்கப்பட்டவராகக் கொள்ள வேண்டும்.

அதுவரை, உங்களுக்கிருக்கும் வழிகள் இவை. வாங்கிய கடனைக் கட்ட முடியாமற்போவது சிவில் விடயம். அதற்காக உங்கள் மனைவியைப் பொலிஸ் பிடித்துக்கொண்டு போக முடியாது. வீட்டுச் சாமான்களைக் கட்டளையில்லாமல் தூக்கவும் முடியாது. வீதியில் மறித்துப் பலாத்காரமாக ஓட்டோவைப் பறித்தால் உடனே முறைப்பாடு செய்யுங்கள். லீசிங் கம்பனிக்குத் தவணையை நீட்டித் தரும்படி எழுத்தில் கேளுங்கள், பிரதியை வைத்துக்கொள்ளுங்கள். மறுத்தால் மத்திய வங்கியில் நிதி நுகர்வோருக்கென்றே ஒரு திணைக்களம் இருக்கிறது, அங்கே முறையிடலாம். சட்டத்தரணிக்குக் கட்டணம் கொடுக்க வசதியில்லாவிட்டால் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. வருமானம் குறைந்தவர்களுக்காக 1978இல் சட்டம் இயற்றி அமைத்தது. அடையாள அட்டை, லீசிங் பத்திரம், கட்டிய பற்றுச்சீட்டுகள் எல்லாவற்றையும் கொண்டு போங்கள்.

போகும்போது மனைவியையும் கூட்டிக்கொண்டு போங்கள். நுண்கடன் அவர் பெயரில் இருக்கிறது, கையெழுத்தும் அவருடையது. இன்றிரவே அவரிடம் சொல்லுங்கள்.