டிவி வண்டியும் ராணுவ அலைவரிசையும்

கேள்வி: 2024 ஜூனில் கருணாபுரம் கள்ளச்சாராயச் சாவுகளின்போது கள்ளக்குறிச்சியில் டிஷ் வைத்த டிவி வண்டிகளைப் பார்த்தோம். ஆனால் கல்வராயன் மலை ஏறினால் பல ஊர்களில் செல்போன் சிக்னலே இல்லை. செய்தியாளர்கள் நேரலை கொடுக்க முடியாமல் கீழே இறங்கி வருகிறார்கள். “ராணுவம் அலைவரிசையைப் பிடித்து வைத்திருக்கிறது, அதனால்தான்” என்கிறார் எங்கள் ஊர் கேபிள்காரர். உண்மையா? இரண்டு பேரும் ஒரே அலைவரிசையைப் பயன்படுத்தவே முடியாதா?
– வாசகர், சங்கராபுரம்

பதில்: முடியும். இப்போதும் ஒரு வகையில் அப்படித்தான் நடக்கிறது. உங்கள் மலையின் சிக்கலுக்கும் ராணுவத்துக்கும் சம்பந்தமில்லை.

நீங்கள் பார்த்த வண்டிகள் பெரும்பாலும் ‘கு பேண்ட்’ எனப்படும் பட்டையில், சுமார் 14 ஜிகாஹெர்ட்ஸில், செயற்கைக்கோளுக்கு அனுப்புபவை. விமானப்படைக்காக 2018 டிசம்பரில் ஏவப்பட்ட ஜிசாட்-7ஏ செயற்கைக்கோளும் கு பேண்டில்தான் இயங்குகிறது. பட்டை ஒன்றாக இருந்தும் மோதல் வராததற்குக் காரணம், டிஷ் எந்தத் திசையைப் பார்க்கிறது என்பதே. நிலநடுக்கோட்டுக்கு மேலே ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில் இத்தகைய ஒவ்வொரு செயற்கைக்கோளுக்கும் ஓர் இடம் உண்டு. டிஷ் தன் அலையை மெல்லிய கற்றையாகக் குவித்து, தனக்குரிய செயற்கைக்கோளை நோக்கி மட்டும் அனுப்புகிறது.

கள்ளக்குறிச்சிக்கு இதில் ஒரு வசதியும் இருக்கிறது. நாம் நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால், 83 டிகிரி கிழக்கில் உள்ள இந்தியச் செயற்கைக்கோள்கள் இங்கிருந்து பார்த்தால் சுமார் 75 டிகிரி உயரத்தில், கிட்டத்தட்ட உச்சந்தலைக்கு மேலே நிற்கின்றன. டிஷ் வானத்தைப் பார்த்தே இருப்பதால் தரையோடு சிதறும் அலை குறைவு. மலை மறைப்பதும் அரிது.

ஆனால் டிஷ் இரண்டு டிகிரி விலகினாலே பக்கத்துச் செயற்கைக்கோளில் இரைச்சல் போய் விழலாம். அதனால்தான் ‘லைன்-அப்’ என்றொரு சடங்கு. வண்டியில் இருக்கும் பொறியாளர் முதலில் கட்டுப்பாட்டு மையத்துக்குப் போன் போடுவார். படம் எதுவும் இல்லாத வெறும் அலையைக் குறைந்த சக்தியில் அனுப்புவார். மையம் அளந்து பார்த்துச் சரி என்ற பிறகுதான் சக்தியைக் கூட்டி நேரலைக்குப் போவார். இதற்கெல்லாம் முன்பே தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்தின் அனுமதியும், தொலைத்தொடர்புத் துறையின் அலைவரிசை உரிமமும் வாங்கியிருக்க வேண்டும்.

செய்திக் குழுவும் ராணுவமும் உண்மையிலேயே ஒரே இடத்தில் இடித்துக்கொண்டது அமெரிக்காவில். அங்கே 2025 முதல் 2110 மெகாஹெர்ட்ஸ் வரை டிவி நிலையங்களின் கோட்டை. செய்தி வண்டி தன் கம்பத்தை உயர்த்தி, நகரத்து உயரக் கோபுரத்தில் உள்ள ஏற்பிக்குப் படம் அனுப்பும். செல்போன் நிறுவனங்களுக்காக ராணுவம் வேறொரு பட்டையைக் காலி செய்ய வேண்டி வந்தது. அந்தப் பட்டையின் ஏலம் 2015 ஜனவரியில் முடிந்தபோது அரசுக்குக் கிடைத்தது சுமார் 4,500 கோடி டாலர். ராணுவப் பணிகள் சிலவற்றுக்கு டிவிக்காரர்களின் பட்டையிலேயே பங்கு தரப்பட்டது. செயற்கைக்கோள்களுக்குக் கட்டளை அனுப்பும் வேலையும் அதில் அடக்கம்.

இதில் அடி வாங்கக்கூடியது செயற்கைக்கோள் அல்ல, டிவியின் ஏற்பி. ராணுவத் தரைநிலையத்தின் டிஷ் பெரியது, சக்தி அதிகம். தாழப் பறக்கும் செயற்கைக்கோளைத் துரத்தும்போது அது தொடுவானம் வரை சாயும். அந்த நேரம் அதன் பாதையில் உள்ள கோபுரத்தில் செய்திப் படம் உடையலாம். தீர்வு, கால்வாயில் முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சுவது போலத்தான்: யார், எங்கே, எத்தனை மணிக்கு, எந்தக் கோணத்தில் என்று முன்கூட்டியே பேசி வைப்பது. வட்டாரந்தோறும் அதற்கென ஒருங்கிணைப்பாளர்கள் இருக்கிறார்கள். செயற்கைக்கோள் வரும் நேரத்தை முன்பே கணக்கிடலாம். கலவரமும் விபத்தும் சொல்லிக்கொண்டு வருவதில்லை. ஆகவே கடைசி நிமிடத்தில் போனை எடுக்க ஆள் இருப்பதுதான் அங்கே முக்கியம்.

இந்தியா பங்கிடுவதைவிடப் பிரித்து வைப்பதையே விரும்பியது. 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை பாதுகாப்புத் துறைக்கெனத் தனிப் பட்டைகளை வரையறுத்தது. அப்போதே 2100 பட்டையில் 15 மெகாஹெர்ட்ஸை ராணுவம் செல்போன் சேவைக்கு விட்டுக்கொடுத்து, 1900 பட்டையில் அதே அளவைப் பெற்றுக்கொள்ளவும் ஒப்புதல் தந்தது. பிடித்து வைத்திருக்கிறது என்ற புகாருக்கு இதுவே பதில்.

மலையில் நேரலை அறுந்துபோவது ஏன்? இன்றைய செய்தியாளர் பலரும் டிஷ் வண்டியோடு வருவதில்லை. நாலைந்து சிம் கார்டுகளைச் சேர்த்து இயங்கும் முதுகுப் பையோடு வருகிறார்கள். அந்தப் பைக்குச் செல்போன் டவர் வேண்டும். டவர் இல்லாத பள்ளத்தாக்கில் எத்தனை சிம் போட்டாலும் பயனில்லை.

செய்தியாளர் இறங்கிப் போய்விடலாம்; 108-ஐ அழைக்க வேண்டிய மலைவாசி எங்கே போவார்? நாடு முழுவதும் டவர் எட்டாத 24,680 கிராமங்களுக்கு 4ஜி தர 26,316 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை 2022 ஜூலையில் ஒப்புதல் அளித்தது. மலையில் உங்கள் உறவினர்கள் இருந்தால் அவர்களிடம் சொல்லுங்கள்: சிக்னல் இல்லாத குக்கிராமங்களின் பெயரை ஒவ்வொன்றாக எழுதி, அடுத்த கிராம சபையில் தீர்மானமாக்கி, மாவட்ட ஆட்சியருக்கு அனுப்பட்டும். கேட்க வேண்டியது ராணுவத்திடம் அலைவரிசையை அல்ல, அரசிடம் டவரை.