நீலத் தண்ணீர்

ஆயுத பூஜைக்கு வீட்டை ஒழிக்கிறோமே, மீன் தொட்டியை மட்டும் ஏன் விடுவது என்று தோன்றியதில் ஆரம்பித்தது வினை. மூன்றடித் தொட்டி, 120 லிட்டர். கூழாங்கல்லை வாளியில் கொட்டி அரிசி களைவதுபோலக் களைந்தேன். ஃபில்டர் ஸ்பாஞ்சைக் குழாயடியில் பிடித்து, கருப்பாக வந்த தண்ணீர் தெளிவாக வரும்வரை பிழிந்து தள்ளினேன். புதுத் தண்ணீர் நிரப்பினேன், ஆன்டி-குளோரின் சொட்டு விட்டேன், தொட்டிக் கண்ணாடியில் சந்தனப் பொட்டும் வைத்தேன். அவ்வளவு பளிச்சென்று அந்தத் தொட்டி அதற்கு முன் இருந்ததில்லை.

நான்காம் நாள் காலை காபி டம்ளரோடு வந்து பார்த்தால், ஏஞ்சல், மோலி, விடோ டெட்ரா எல்லாம் மேல்மட்டத்தில் வரிசையாக நின்று வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. சக்கர் மீன்கூடக் கண்ணாடியில் ஒட்டியபடி மேலே ஏறி வந்திருந்தது. இரண்டு கௌராமிகள் மட்டும் ஏதோ சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்கு வந்தவை மாதிரி உலாவிக்கொண்டிருந்தன. பக்கத்துத் தெருக் கடையில் போய் விவரம் சொன்னேன். பாதிகூடக் கேட்காமல் ஒரு சின்ன பாட்டிலை எடுத்து நீட்டினார்கள். மெத்திலீன் புளூ. தொட்டி முழுக்க நீலமானது. மறுநாள் அந்த நீலத்துக்குள்ளிருந்து ஒன்பது மீன்களை வலையால் எடுத்தேன்.

மிச்சத்தையாவது காப்பாற்றலாம் என்று கொளத்தூர் போனேன். சென்னையில் வண்ணமீன் என்றால் கொளத்தூர்தான். வளர்ப்பவர், விற்பவர், தொட்டி செய்பவர் எல்லாரும் அந்தச் சுற்றுவட்டாரத்தில் கிடைப்பார்கள். அங்கே பல வருடமாகக் குஞ்சு பொரித்து விற்கும் ஒரு பெரியவரிடம் “என்ன மருந்து போடறதுங்க?” என்றேன்.

“மருந்து அப்புறம் சார். எல்லாம் ஒண்ணா மேல வந்துச்சா, ஒண்ணொண்ணா வந்துச்சா?”

“ஒண்ணா.”

“அப்போ நோய் இல்ல சார். நோய் வரிசையில நின்னுதான் வரும். அதுக்கு முன்னாடி என்ன பண்ணீங்க?”

கழுவியதைச் சொன்னேன். “ஸ்பாஞ்சையுமா? குழாத் தண்ணியிலயா?” என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் தலையில் கை வைத்துக்கொண்டார்.

நான் அழுக்கு என்று பிழிந்து எறிந்ததில்தான் தொட்டியின் உயிர் இருந்திருக்கிறது. மீன் தன் செவுள் வழியாக ஓயாமல் அம்மோனியாவை வெளியே விடுகிறது. தின்னாமல் விட்ட இரையும் கழிவும் அழுகி மேலும் சேர்க்கின்றன. ஸ்பாஞ்சிலும் கல்லிலும் படிந்திருக்கும் ஒரு வகை பாக்டீரியா அதை நைட்ரைட் ஆக்கும். இன்னொரு வகை அந்த நைட்ரைட்டை, அவ்வளவாகத் தொல்லை தராத நைட்ரேட் ஆக்கும். நமக்கு வரும் குடிநீரில், கடைசிக் குழாயிலும் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் மிஞ்சியிருக்க வேண்டும் என்பது தரநிர்ணயம். கிருமியைக் கொல்லத்தான் அது. நல்ல கிருமி, கெட்ட கிருமி என்று அதற்குத் தெரியுமா? தொட்டித் தண்ணீருக்கு ஆன்டி-குளோரின் விட்ட நான், ஸ்பாஞ்சை நேராகக் குழாயிலேயே பிடித்தேன். மிச்சம் மீதி இருந்த பாக்டீரியாவை நீல மருந்து பார்த்துக்கொண்டது. அம்மோனியா சேர மூன்று நாள் ஆயிற்று, அதனால்தான் கழுவியதையும் செத்ததையும் என் மூளை முடிச்சுப் போடவில்லை.

கௌராமி ஏன் தாங்கியது என்பதற்கும் பெரியவரிடம்தான் விடை கிடைத்தது. கௌராமிக்கும் ஃபைட்டருக்கும் தலைக்குள் தனியாக ஒரு மூச்சுறுப்பு உண்டு. மேலே வந்து காற்றை நேராகவே குடிக்கும். மற்றதெல்லாம் திணற, இவை மட்டும் சாதாரணமாக இருந்தால் கோளாறு செவுளிலோ ஆக்சிஜனிலோ இருக்கிறது என்று அர்த்தம். அன்றைக்கு அந்த இரண்டும் எனக்கு விடையைச் சொல்லிக்கொண்டே நீந்தியிருக்கின்றன, நான்தான் மருந்து பாட்டிலின் லேபிளைப் படித்துக்கொண்டிருந்தேன்.

வரும் வழியிலேயே சொட்டு டெஸ்ட் கிட் வாங்கினேன். சோதனைக் குழாயில் ஐந்து மில்லி தொட்டித் தண்ணீர், சொட்டுகள் விட்டுக் குலுக்கி, ஐந்து நிமிடம். மஞ்சளாகவே நின்றால் அம்மோனியா இல்லை. எனக்கு வந்தது வேப்பிலைப் பச்சை. அட்டையோடு ஒத்துப் பார்த்தால் லிட்டருக்கு 2 மில்லிகிராம். இதில் பிஎச்சையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பிஎச் 7 இருந்தால் அந்த அம்மோனியாவில் நூற்றில் ஒரு பங்குகூட விஷ வடிவில் இருக்காது. பிஎச் 8 ஆனால், நம் ஊர்ச் சூட்டில், அது ஏறக்குறைய பத்து மடங்காகிவிடும். சென்னையில் பல வீட்டு போர் தண்ணீர் 8-ஐ ஒட்டித்தான். அதனால்தான் மாதக் கணக்கில் தண்ணீர் மாற்றாமல் பிஎச் இறங்கிப்போன தொட்டியில், ஒரு ஞாயிற்றுக்கிழமை சுறுசுறுப்பு வந்து பாதித் தண்ணீரை போரில் மாற்றினால், சாயங்காலமே மீன் மிதக்கிறது. அதுவரை சாதுவாகக் கிடந்த அம்மோனியா ஒரே நாளில் விஷமாகிறது. “புதுத் தண்ணி ஒத்துக்கல” என்று நாம் சொல்வதில் பாதிக் கதை இது.

மீட்ட விதம் எளிது, அலுப்பு மட்டும்தான். தினமும் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் மாற்றினேன், அதே சூட்டில், குளோரின் முறித்து. இரையை இரண்டு நாள் நிறுத்தினேன். பட்டினியால் மீன் அத்தனை சீக்கிரம் சாகாது, போட்ட இரையால் செத்துவிடும். பெரியவர் தன் தொட்டியில் ஓடிக்கொண்டிருந்த பழைய ஸ்பாஞ்ச் ஒன்றை ஈரமாகவே கவரில் போட்டுத் தந்திருந்தார், காசு வாங்கவில்லை. அடுத்த வாரம் அம்மோனியா இறங்கி நைட்ரைட் ஏறியது. அப்போது செத்த ஒரு மோலியின் செவுள் மூடியைத் தூக்கிப் பார்த்தேன். ரத்தச் சிவப்பாக இருக்க வேண்டியது காபிப்பொடி நிறத்தில் இருந்தது. நைட்ரைட் ரத்தத்தில் ஏறி ஆக்சிஜன் சுமக்க விடாமல் செய்வதன் அடையாளம் அது. அதற்கு லிட்டருக்கு ஒரு கிராம் கல்லுப்பு போதும், உப்பிலுள்ள குளோரைடு நைட்ரைட்டைச் செவுளுக்குள் நுழைய விடாது. அப்புறம் சாவு நின்றது.

இப்போது மீன் மேலே வந்து நின்றால் முதலில் ஏர் பம்ப்பை முழுதாகத் திறந்துவிடுகிறேன். அல்லது ஃபில்டர் வாயைத் தூக்கி மேல்தண்ணீர் அலையடிக்க விடுகிறேன். சூடு ஏற ஏறத் தண்ணீர் தாங்கும் ஆக்சிஜன் குறையும், மே மாதத்தில் இதுவே பாதி வைத்தியம். செடி அடர்ந்த தொட்டியில் விடியற்காலை மட்டும் திணறி, விளக்குப் போட்டுச் சற்று நேரத்தில் சரியானால், இரவில் செடிகளும் ஆக்சிஜனை இழுக்கின்றன என்று பொருள். பிறகுதான் டெஸ்ட் கிட். பிறகு வீட்டிலிருக்கும் எல்லாரையும் ஒரு விசாரணை: இரண்டு நாளில் யார் என்ன செய்தீர்கள்?

இந்த விசாரணை ஒரு முறை நன்றாகவே பலித்தது. ஒரு சனிக்கிழமை மதியம் மீன்கள் திடீரென்று அம்பு மாதிரி பாய்ந்து, கண்ணாடியில் மோதி, பம்பரமாகச் சுழன்று பக்கவாட்டில் சாய்ந்தன. வளர்த்துவந்த சின்னச் சிவப்பு இறால்கள் அதற்கு முன்பே கல்லில் கிடந்தன. அம்மோனியா இல்லை, நைட்ரைட் இல்லை. “அடுப்படியில கரப்பானுக்கு ஸ்ப்ரே அடிச்சேன், அவ்வளவுதான்” என்றாள் மனைவி. அடுப்படிக்கும் தொட்டிக்கும் நடுவில் ஒரு திரைதான். கேனை எடுத்துப் படித்தால் சைபர்மெத்ரின். இந்த வகைப் பூச்சிமருந்துகள் மனிதருக்குச் செய்வதைவிடப் பல மடங்கு மீனுக்குச் செய்யும், இறாலுக்கு அதைவிடவும். தொட்டி மூடியிருந்தாலும் ஏர் பம்ப் அறைக் காற்றை உறிஞ்சி நேராகத் தண்ணீருக்குள் ஊதுகிறதே! பம்ப்பை ஜன்னலோரம் மாற்றி, பாதித் தண்ணீரை இரண்டு தடவை மாற்றி, ஃபில்டரில் கரி போட்டேன். இறால் ஒன்றும் தேறவில்லை, மீன்களில் இரண்டுதான் போயின. அன்றிலிருந்து ஸ்ப்ரே அடிக்கும் நாளில் பம்ப்புக்கு ஒரு மணி நேரம் லீவு, தொட்டிமேல் ஈரத்துணி.

நிஜ நோயும் வந்திருக்கிறது, அது வந்த தினுசே வேறு. கடையிலிருந்து வாங்கி நேராக விட்ட ஒரு மோலி மூன்றாம் நாள் கல்லில் உடம்பைத் தேய்த்தது. அடுத்த நாள் வாலில் ரவை ஒட்டியது போல நான்கு புள்ளி. அதற்கடுத்த நாள் ஏஞ்சலில். வெள்ளைப்புள்ளி ஒட்டுண்ணி தோலுக்கடியில் இருக்கும்போது மருந்து அதைத் தொடாது. உதிர்ந்து, பெருகி, அடுத்த மீனைத் தேடி நீந்தும் நேரத்தில்தான் சாகும். அதனால் புள்ளி மறைந்த அன்றே மருந்தை நிறுத்தினால் ஒரு வாரத்தில் வட்டியோடு திரும்பும், எனக்குத் திரும்பியது. இன்னொரு முறை வாயைச் சுற்றிப் பஞ்சு பூத்தாற்போல் இருந்ததைப் பூஞ்சை என்று நம்பிச் சூட்டைக் கூட்டினேன். அது காலம்நாரிஸ் என்ற பாக்டீரியா, சூடு அதற்குத் தீனி. இரண்டே நாளில் மூன்று ஏஞ்சல். வெள்ளைப்புள்ளியைத் தீர்க்க உதவுகிற சூடு இந்த நோயில் மீனுக்கு எமன் என்பதை அந்த மூன்றும் கற்றுத்தந்தன.

புது மீனுக்கு இப்போது பால்கனியில் 25 லிட்டர் பிளாஸ்டிக் டப் ஒன்று இருக்கிறது. மூன்று வாரம் அங்கேதான் வாசம். மருந்து போடுவதானாலும் அதற்குள்தான். அந்த டப்புக்கான ஸ்பாஞ்ச் எப்போதும் பெரிய தொட்டியின் மூலையில் ஊறிக்கொண்டிருக்கும். கருப்பாக, வழவழப்பாக, வருகிறவர்கள் “இதைக் கழுவக் கூடாதா?” என்று கேட்கும்படி. பெரிய தொட்டியின் மூலைகளில் சிலிக்கோன் ஒட்டு இன்னும் வெளிர்நீலமாகவே இருக்கிறது, எத்தனை தேய்த்தும் போகவில்லை.