டிராக்டர் நட்டுகள் தளராமல் இருக்க

டிராக்டர், டிரெய்லர், ரோட்டவேட்டர் ஆகியவற்றில் நட்டுகள் தளர்வதை உழவர்கள் அனைவரும் அறிவர். கத்தி நட்டு கழன்றால் உழவு நிற்கும். சக்கர நட்டு சாலையில் கழன்றால் உயிருக்கே ஆபத்து.

தளர்வது ஏன்?

நட்டை இறுக்கும்போது போல்ட்டு மிகச் சிறிதளவு நீள்கிறது. அது மீண்டும் சுருங்க முயல்வதால், இரு தகடுகளும் அழுத்திப் பிடிக்கப்படுகின்றன. இவ்வழுத்தம் போதாவிட்டால், அதிர்வினால் தகடுகள் பக்கவாட்டில் வழுக்கும். அப்போது மரையின் பிடி விட்டு, நட்டு சிறிது சிறிதாகப் பின்னோக்கித் திரும்பும். ஜெர்மானியப் பொறியாளர் ஜுங்கர் 1969-ல் இதைச் சோதனை மூலம் விளக்கினார். இவ்வகைச் சோதனைகளில், சாதாரண ஸ்பிரிங் வாஷர் தளர்வைத் தடுப்பதில்லை என்பதும் தெரியவந்துள்ளது.

மூட்டில் ஏற்படும் உரசல் அதிர்வை ஓரளவு தணிக்கும் என்பது உண்மையே. ஆனால் அதற்காக மூட்டைத் தளர்வாக விடலாகாது. பரப்பு தேய்ந்து அழுத்தம் மேலும் குறையும். அதிர்வைத் தணிப்பது ரப்பரின் வேலை. பல டிராக்டர்களில் ரேடியேட்டர், டீசல் டாங்க் ஆகியவற்றின் அடியில் ரப்பர் வைத்திருப்பது இதற்காகவே. இறுகிப்போன, வெடித்த ரப்பரை உடனே மாற்ற வேண்டும். சக்கரத்திலும் கத்தியிலும் ரப்பர் துண்டு வைத்து இறுக்கக்கூடாது.

செய்ய வேண்டியவை

1. மூட்டும் பரப்புகளில் உள்ள சேறு, துரு, தடித்த பெயிண்ட் ஆகியவற்றைச் சுரண்டி எடுக்கவும். இவை நசுங்கினால் இறுக்கம் குறைந்துவிடும்.

2. சக்கர நட்டுகளை ஒரே சுற்றாக வரிசையில் இறுக்காமல், எதிரெதிராக, இரண்டு மூன்று தவணையில் இறுக்கவும். இறுக்கத்தின் அளவைக் கையேட்டில் பார்க்கவும்.

3. புதிதாகப் பொருத்திய நட்டுகளைச் சில மணி நேரம் ஓட்டியபின் மறுபடி இறுக்கவும்.

4. போல்ட்டு தலையில் 8.8 என்று இருந்தால், அதே எண்ணுள்ள போல்ட்டையே மாற்றாகப் போடவும்.

5. நைலான் வளையமுள்ள நட்டு கழன்று விழாமல் காக்கும். ஆனால் இறுக்கத்தை அது தராது. வளையம் தேய்ந்திருந்தால் புதிது போடவும்.

6. நட்டிலிருந்து தகடு வரை பெயிண்டால் ஒரு கோடு இடவும். கோடு விலகினால் நட்டு திரும்பியுள்ளது என்று பொருள்.

கோடு விலகாவிட்டாலும், மூட்டைச் சுற்றிச் செம்பழுப்புத் தூள் படிந்தால் தகடுகள் உரசுகின்றன என்று அறியலாம். இம்மூட்டைப் பிரித்துத் துடைத்து, துளை அகன்றுள்ளதா என்று பார்த்து, மீண்டும் இறுக்க வேண்டும். காலையில் வண்டியை எடுக்குமுன் ஐந்து நிமிடம் ஸ்பானருடன் சுற்றிப் பார்ப்பது, பழுதுச் செலவையும் விபத்தையும் தவிர்க்கும்.