கதண்டு கொட்டினால் தோலை மட்டும் பார்த்தால் போதாது

நம்பிக்கை: தடிப்பும் அரிப்பும் இல்லையென்றால் பயப்பட ஒன்றுமில்லை.

உண்மை: கதண்டோ தேனீயோ கொட்டியவரைச் சுற்றி நின்று எல்லோரும் பார்ப்பது தோலைத்தான். கொட்டிய இடம் வீங்குவது யாருக்கும் நடப்பது. உயிரைப் பறிக்கும் ஒவ்வாமையோ மூச்சையும் ரத்த அழுத்தத்தையும் தாக்குகிறது. அப்படித் தாக்கும்போது பத்தில் ஒன்றிரண்டு பேருக்குத் தடிப்பே இருக்காது. குரல் கம்முகிறதா, நாக்கு தடிக்கிறதா, எச்சில் விழுங்க முடியவில்லையா, இழுப்பு வருகிறதா, கண் இருட்டுகிறதா என்று கேளுங்கள். திடீர் வாந்தியையும் வயிற்றுவலியையும் ‘பயத்தில் வந்தது’ என்று தள்ளிவிடாதீர்கள். கொட்டிய கால் மணி நேரத்துக்குள் இதயம் நின்றுபோனவர்கள் உண்டு.

நம்பிக்கை: சுண்ணாம்பு தடவி ஒரு சிட்ரிசின் போட்டால் சரியாகிவிடும்.

உண்மை: சிட்ரிசின் அரிப்பைத் தணிக்கும், அவ்வளவுதான். அடைக்கும் மூச்சுப்பாதையைத் திறக்கவும் சரிந்த ரத்த அழுத்தத்தை மீட்கவும் அட்ரினலின் ஊசி வேண்டும். தொடையின் வெளிப்புறத் தசையில் போடுவார்கள். குணம் தெரியாவிட்டால் 5 நிமிடத்தில் மறுபடியும் போடலாம். மாத்திரை வேலை செய்யட்டும் என்று காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள்.

நம்பிக்கை: தலைசுற்றினால் எழுப்பி, காற்றாட நடக்கவிட வேண்டும்.

உண்மை: எனக்கு அதிகம் பயம் தருவது இதுதான். ரத்தக் குழாய்கள் தளர்ந்திருக்கும் நேரத்தில் ஆளை நிமிர்த்தினால் ரத்தம் கால்களிலேயே தேங்கிவிடும், இதயத்துக்குத் திரும்பாது. எழுந்து நின்ற கணத்தில் இறந்தவர்கள் இருக்கிறார்கள். படுக்க வைத்துக் கால்களை உயர்த்துங்கள். மூச்சுத் திணறினால் மட்டும் காலை நீட்டிச் சாய்ந்து உட்காரலாம். வாந்தி எடுப்பவரை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். பைக்கில் இருவருக்கு நடுவே உட்காரவைத்துக் கொண்டுபோவதைத் தயவுசெய்து தவிர்க்கப் பாருங்கள்.

நம்பிக்கை: போன தடவை கொட்டியபோது ஒன்றும் ஆகவில்லையே!

உண்மை: ஒவ்வாமைக்கு உடம்பு தயாராவதே முந்தைய கொட்டில்தான். பிரான்சின் சார்ல் ரிஷே கடல் சாமந்தியின் நஞ்சை நாய்களுக்குச் செலுத்தினார். முதல் அளவைத் தாங்கிய நாய், சில வாரம் கழித்து அதே நஞ்சு சிறிதளவு ஏறியதும் நிமிடங்களில் செத்தது. 1902-இல் வெளியான அந்த ஆய்வின் தொடர்ச்சியாக 1913-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

நம்பிக்கை: ஊசி போட்டுத் தெளிந்ததும் வீட்டுக்குப் போய்விடலாம்.

உண்மை: சிலருக்குப் பல மணி நேரம் கழித்து, மறுபடி எதுவும் கொட்டாமலேயே எல்லாம் திரும்ப வரும். மருத்துவர் அனுப்பும்வரை மருத்துவமனையிலேயே இருங்கள்.