டிவிக்குப் பின்னால் ஒரு விளக்கு

இரவில் படம் பார்க்கும்போது ஹால் விளக்கை அணைப்பதா, எரியவிடுவதா என்ற வழக்கு நம் வீடுகளில் இன்னும் தீர்ந்தபாடில்லை. இருட்டில் டிவி பார்த்தால் கண் கெட்டுவிடும் என்பார்கள் பெரியவர்கள். டியூப்லைட் எரிந்தால் திரையில் டியூப்லைட்தான் தெரிகிறது என்பார்கள் பிள்ளைகள். இரண்டிலுமே நியாயம் இருக்கிறது. நடுவில் ஒரு வழியும் இருக்கிறது: டிவியின் முதுகுப் பக்கம் மெல்லிய விளக்கு ஒன்றை மறைத்து வைத்து, பின்சுவரில் மட்டும் வெளிச்சம் படரவிடுவது. பயாஸ் லைட்டிங் என்கிறார்கள். படங்களுக்கு வண்ணம் திருத்தும் ஸ்டூடியோக்களில் நெடுங்காலமாக இருக்கும் ஏற்பாடு இது. வீட்டுக்கு வந்தபோது வண்ணவண்ணமாக மின்னும் எல்இடி ஸ்ட்ரிப்பாக வந்தது. கூடவே பல நம்பிக்கைகளும் ஒட்டிக்கொண்டன. நல்ல ஏற்பாடு ஒன்று தவறாக மாட்டப்பட்டு, இரண்டே வாரத்தில் "இதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை" என்று பிய்த்து எறியப்படுவது எனக்கு வருத்தம் தருகிறது. அதற்காகவே இந்தப் பத்தி.

நம்பிக்கை: இருட்டில் டிவி பார்த்தால் பார்வை போய்விடும், பின்விளக்கு அதைத் தடுக்கும்.

இருட்டில் டிவி பார்ப்பதால் கண்ணுக்கு நிரந்தரக் கேடு வருவதில்லை. வருவது சோர்வு. நல்ல வெளிச்சத்தில் சுமார் 2 மில்லிமீட்டர் இருக்கும் கண்மணி, இருட்டில் 7, 8 மில்லிமீட்டர் வரை விரியும். அறை முழுக்க இருட்டாக இருந்து, நடுவில் திரை மட்டும் பளீரென்று எரிந்தால், கண் எந்த வெளிச்சத்துக்குப் பழகுவது என்று தெரியாமல் அல்லாடும். குகைக்குள் நடக்கும் காட்சி முடிந்து சட்டென்று வெயிலடிக்கும் கடற்கரை வரும்போது முகத்தைச் சுளிக்கிறோமே, அது இதனால்தான். பின்சுவரில் கொஞ்சம் வெளிச்சம் இருந்தால் இந்த ஏற்ற இறக்கம் மட்டுப்படும்.

ஆனால் கண் எரிச்சலுக்கு வேறு காரணமும் உண்டு. திரையை உற்றுப் பார்க்கும்போது நாம் கண் சிமிட்டுவது குறைகிறது, கண் காய்கிறது. அதற்கு எந்த விளக்கும் மருந்தல்ல. அவ்வப்போது சிமிட்டுவதும் தூரத்தில் பார்ப்பதும்தான் வழி. பிள்ளைகளுக்குக் கிட்டப்பார்வை வருமே என்று கவலைப்படுகிறவர்கள், ஸ்ட்ரிப் வாங்குவதற்கு முன்னால் அவர்களைத் தினமும் பகல் வெளிச்சத்தில் வெளியே விளையாட அனுப்பட்டும். வெளியில் கழியும் நேரம் கிட்டப்பார்வை வருவதைக் குறைக்கிறது என்பது ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரியவந்திருக்கிறது.

பெரியவர்களின் எச்சரிக்கை முழுக்கப் பொருந்தும் இடமும் ஒன்று உண்டு. 1997 டிசம்பர் 16 அன்று ஜப்பானில் ஒளிபரப்பான போக்கிமான் தொடரில் சிவப்பும் நீலமும் படபடவென்று மாறி மாறி மின்னிய ஒரு காட்சியால் 600க்கும் மேற்பட்ட குழந்தைகள் மருத்துவமனைக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். பலருக்கு வலிப்பு வந்திருந்தது. அதன் பிறகு, அறையை வெளிச்சமாக வைத்து, திரையிலிருந்து தள்ளி உட்கார்ந்து பாருங்கள் என்ற அறிவிப்பு ஜப்பானியக் கார்ட்டூன்களின் தொடக்கத்தில் வழக்கமாயிற்று. மின்னும் ஒளியால் வலிப்பு வரக்கூடியவர்கள் வீட்டில் இருந்தால், மங்கலான பின்விளக்கை நம்பி உட்காராமல் அறை விளக்கையே போட்டுவிடுங்கள். மருத்துவரிடமும் கேளுங்கள்.

நம்பிக்கை: பின்விளக்கு டிவியின் கான்ட்ராஸ்ட்டைக் கூட்டும்.

கூட்டாது. பேனலிலிருந்து வரும் வெளிச்சம் முன்பு எவ்வளவோ இப்போதும் அவ்வளவே. மாறுவது நம் பார்வை. ஆனால் அந்த மாற்றத்தை வெறும் பிரமை என்று ஒதுக்கிவிட முடியாது, ஏனென்றால் நாம் படம் பார்ப்பதே கண்ணால்தான்.

பழைய பெட்டி டிவி வைத்திருந்தவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். அணைத்து வைத்திருக்கும்போது அதன் கண்ணாடி சாம்பல் நிறத்தில் இருக்கும். போட்டதும் அதே கண்ணாடியில் கதாநாயகியின் கூந்தல் கன்னங்கரேலென்று தெரியும். பிக்சர் டியூப்பால் வெளிச்சத்தைக் கூட்டத்தான் முடியும். அந்தச் சாம்பலைவிட இருட்டாக எதையும் காட்ட முடியாது. கூந்தல் தெரிந்த இடத்தில் இருந்தது சாம்பல்தான். பக்கத்திலேயே பிரகாசமான முகம் இருந்ததால் கண் அதைக் கறுப்பு என்று எடுத்துக்கொண்டது. நிலவிலும் இதுவேதான் நடக்கிறது. தன்மேல் விழும் ஒளியில் ஏறத்தாழ 12 சதவீதத்தை மட்டும் திருப்பி அனுப்பும் கருநிறப் பாறை அது. சுற்றிலும் இருள் சூழ்ந்திருப்பதால் நமக்கு வெள்ளையாகத் தெரிகிறது.

பெரும்பாலான வீடுகளில் இன்று இருப்பது எல்சிடி வகை. அதன் உள்ளே எரியும் வெளிச்சத்தை முழுவதுமாக அடைக்க முடியாமல் கொஞ்சம் கசியும். இருட்டறையில், படத்துக்கு மேலும் கீழும் வரும் கறுப்புப் பட்டைகளைப் பாருங்கள். நீலம் பாய்ந்த சாம்பலாக இருக்கும். பின்சுவர் மெல்ல ஒளிர்ந்தால் அதே பட்டைகள் கறுப்பாகிவிடும். சுற்றுப்புறம் வெளிச்சமானால் படத்தின் கான்ட்ராஸ்ட் கூடியதாகத் தோன்றும் என்பதை கோடாக் நிறுவனத்தில் இருந்த பார்ட்டில்சனும் பிரெனெமனும் 1967இல் அளந்து எழுதினார்கள். இருண்ட தியேட்டரில் ஓட்டும் ஃபிலிம் பிரின்ட்டுகளில் கான்ட்ராஸ்ட்டைத் தூக்கலாக வைத்ததும் இந்தக் காரணத்தால்தான்.

இதற்கு ஒரு மறுபக்கம் உண்டு. விற்பவர்கள் அதைச் சொல்வதில்லை. பின்சுவர் வெளிச்சம் கறுப்பை மட்டும் ஆழமாக்காது. கறுப்புக்குப் பக்கத்தில் இருக்கும் மங்கலான சாயல்களையும் சேர்த்து அமுக்கிவிடும். 2019இல் 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' தொடரின் இரவுப் போர்க் காட்சி வந்தபோது ஒன்றுமே தெரியவில்லை என்று உலகம் முழுக்கப் புகார் எழுந்தது. அப்படிப்பட்ட காட்சியைப் பளிச்சென்ற பின்விளக்கோடு பார்த்தால் கொஞ்சநஞ்சம் தெரிந்ததும் மறைந்துபோகும்.

நம்பிக்கை: வெளிச்சம் எவ்வளவு கூடுதலோ அவ்வளவு நல்லது.

ஸ்டூடியோக்காரர்கள் வைத்திருக்கும் கணக்கு எளிமையானது: திரையில் முழு வெள்ளை வரும்போது இருக்கும் ஒளிர்வில் பத்தில் ஒரு பங்கு, அதற்கு மேல் வேண்டாம். சாதாரணப் படங்களுக்கு முழு வெள்ளை 100 நிட் (ஒளிர்வை அளக்கும் அலகு) என்று வைத்து வேலை செய்கிறார்கள்; அதனால் சுவருக்கு 10 நிட். வெளிச்சத்துக்கும் இருளுக்கும் உள்ள வேறுபாட்டைக் கூடுதலாகக் காட்டும் எச்டிஆர் படங்களுக்கு சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 2016இல் வெளியிட்ட பரிந்துரை இன்னும் குறைவாக, 5 நிட் என்கிறது. வீட்டில் இதை அளக்கக் கருவி தேவையில்லை. அந்த வெளிச்சத்தை வைத்து சோபாவில் உட்கார்ந்து செய்தித்தாள் வாசிக்க முடிகிறது என்றால், விளக்கு அதிகம். சாதாரண ஸ்ட்ரிப்பை முழு வெளிச்சத்தில் எரியவிட்டால் பெரும்பாலும் இந்த அளவைத் தாண்டும், ஆகவே டிம்மர் உள்ளதாக வாங்குவது அவசியம். மலிவான டிம்மர்கள் விளக்கை அதிவேகமாக அணைத்து அணைத்துப் போட்டு மங்கலாக்கும். சிலருக்கு அது தலைவலி தரும். கைபேசியின் ஸ்லோமோஷனில் சுவரைப் படம்பிடித்துப் பாருங்கள். வெளிச்சம் துடித்தால் வேறு வாங்குங்கள்.

நம்பிக்கை: படத்துக்கு ஏற்ப நிறம் மாறும் விளக்குதான் உயர்ந்த ரகம்.

பிலிப்ஸ் நிறுவனம் 2004இல் ஆம்பிலைட் டிவிகளைக் கொண்டுவந்ததிலிருந்து இந்த எண்ணம் வலுத்துவிட்டது. பாட்டு, கிரிக்கெட், வீடியோ கேம் என்றால் அது கொண்டாட்டமாகத்தான் இருக்கும், மறுக்கவில்லை. ஆனால் படத்தின் நிறம் சரியாகத் தெரிய வேண்டும் என்று விரும்பினால் அதைப் போல் கெடுதல் வேறில்லை. சுவர் நீலமாக ஒளிர்ந்தால் திரையில் உள்ள முகம் மஞ்சள் பூசியதுபோல் தெரியும். சிவப்பாக ஒளிர்ந்தால் அதே முகத்தில் பச்சை ஏறும். ஒளிப்பதிவாளரும் வண்ணக் கலைஞரும் நாள்கணக்கில் உட்கார்ந்து தீர்மானித்த நிறத்தை, நம் சுவர் நொடிக்கு நொடி மாற்றிக்கொண்டிருக்கும்.

தேவை வெள்ளை, அதிலும் டிவியின் வெள்ளையோடு ஒத்துப்போகும் வெள்ளை. டி65 என்று அதற்குத் தரம் வகுத்திருக்கிறார்கள். ஏறத்தாழ 6500 கெல்வின். நம் கடைகளில் எல்இடி பல்புப் பெட்டிமேல் 'கூல் டேலைட் 6500' என்று போட்டிருப்பது இதற்கு மிகப் பக்கத்தில் வருகிறது. வார்ம் ஒயிட் கண்ணுக்கு இதமாக இருக்கலாம். ஆனால் அதன் நடுவே திரை நீலம் பூத்துத் தெரியும். கெல்வின் ஒன்றாகவே இருந்தாலும் சில விளக்குகளில் பச்சை ஓடும், சிலவற்றில் இளஞ்சிவப்பு ஓடும். பெட்டியில் சிஆர்ஐ (நிறங்களை எவ்வளவு சரியாகக் காட்டும் என்பதன் அளவு) 90க்கு மேல் என்று இருந்தால் ஓரளவு நம்பி எடுக்கலாம். சிவப்பு, பச்சை, நீல எல்இடிகள் மூன்றையும் சேர்த்து எரித்து வெள்ளை காட்டும் ஸ்ட்ரிப் வேண்டாம். அந்த வெள்ளை சரியாக அமைவது அபூர்வம்.

சுவரையும் மறக்கக் கூடாது. டிவி மாட்டும் சுவருக்கு மட்டும் அடர்நிறம் அடிப்பதும், மரப்பலகை பதிப்பதும் இப்போது வழக்கம். எவ்வளவு நல்ல விளக்கு வாங்கினாலும் பச்சைச் சுவரில் பட்டுத் திரும்பினால் பச்சையாகத்தான் வரும். வெள்ளையோ சாம்பலோ இருக்கும் சுவரில்தான் இந்த ஏற்பாடு முழுப் பலன் தரும்.

நம்பிக்கை: ஓஎல்இடி டிவிக்கு இது வேண்டியதில்லை.

கறுப்பைக் கறுப்பாகக் காட்ட வேண்டியதில்லைதான்; அந்தப் பேனல் தானே அணைந்துவிடுகிறது. கண்ணுக்கு வேண்டும். முழு இருட்டிலிருந்து சட்டென்று பளிச்சிடும் எச்டிஆர் காட்சி இந்த டிவிகளில்தான் கண்ணை அதிகம் கூசச்செய்கிறது.

புரொஜெக்டருக்கு மட்டும் வைக்காதீர்கள். எங்கிருந்து ஒளி கசிந்தாலும் அந்த வெள்ளைத் திரை வாங்கி, படத்தை வெளிறச் செய்துவிடும்.

டியூப்லைட் வெளிச்சத்தில் சீரியலும் செய்தியும் பார்க்கும் வீட்டுக்கு இதில் ஒரு ரூபாய்கூடச் செலவழிக்கத் தேவையில்லை. இரவில் விளக்கணைத்துப் படம் பார்க்கிறவர்கள், ஸ்ட்ரிப் வாங்குமுன், இருக்கிற மேஜை விளக்கில் ஒரு சிறிய கூல் டேலைட் பல்பை மாட்டி, பல்பு கண்ணில் படாமல் டிவிக்குப் பின்னால் சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்து ஒரு படம் பார்க்கலாம். பிடித்திருந்தால் ஸ்ட்ரிப் ஒட்டலாம். ஓரத்தில் ஒட்டாமல் சில அங்குலம் உள்தள்ளி ஒட்டினால் எல்இடிப் புள்ளிகள் எட்டிப் பார்க்காது. டிவி சுவரோடு ஒட்டி மாட்டியிருந்தால் வெளிச்சம் மெல்லிய கோடாகத்தான் வரும். சற்று முன்தள்ளும் பிராக்கெட் நல்லது. டிவியின் யுஎஸ்பி துளையிலேயே செருகினால் டிவியோடு எரிந்து டிவியோடு அணையும். ஆனால் சாதாரண யுஎஸ்பி துளை 5 வோல்ட்டில் அரை ஆம்பியர்தான் தரும். நீளமான ஸ்ட்ரிப்பை அது தாங்காது. சில டிவிகளில் ரிமோட்டில் அணைத்த பிறகும் அந்தத் துளையில் மின்சாரம் வந்துகொண்டே இருக்கும். அப்படியென்றால் தனி அடாப்டரும் ஒரு சுவிட்சும் வைத்துக்கொள்ளுங்கள்.